கறுப்பினக் கலைஞர்களும் இன அநீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஓவியம், சிற்பம், பாட்டு பற்றிக் கல்லூரிகளிலும் வாசகர் வட்டங்களிலும் படங்களைக் காட்டிப் பேசி வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும், நேரில் அவசரத்தில் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதிலிருந்து இன்றுவரையிலான காலம். அடிமைமுறை போன கொஞ்ச காலத்திலேயே தென் மாநிலங்களில் ‘ஜிம் க்ரோ’ என்று அழைக்கப்பட்ட பிரிவினைச் சட்டங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, உணவகம், குடிதண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு வேறொன்று. 1964, 1965ஆம் ஆண்டுகளின் சிவில் உரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் வரும்வரை இதுதான் நிலைமை. வட மாநிலங்களில் சட்டம் வேறாக இருந்தாலும் பழக்கம் பெரிதாக மாறவில்லை.

கலைஞர்களின் பதில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. எட்மோனியா லூயிஸ் என்ற பெண், ரோம் நகரில் பட்டறை வைத்து, 1867இல் ஒரு பளிங்குச் சிற்பம் முடித்தார். அறுந்த சங்கிலி தொங்கும் கையை உயர்த்தி ஓர் ஆண் நிற்கிறான்; பக்கத்தில் ஒரு பெண் முழங்காலிட்டிருக்கிறாள். அக்காலச் சிற்பிகள் மண்ணில் மாதிரி செய்து கொடுத்துவிட்டு, பளிங்கை வெட்டும் வேலையைக் கூலிக் கலைஞர்களிடம் விடுவது வழக்கம். லூயிஸ் பெரும்பாலும் தானே உளி பிடித்தார். ‘ஒரு கறுப்பினப் பெண்ணா செய்தாள், வேறு யாரோ செய்திருப்பார்கள்’ என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பதால்தான் அப்படிச் செய்தார் என்று சொல்வார்கள்.

‘லிஞ்சிங்’ என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன? அதைக் கலையாக்க முடியுமா?

விசாரணை, தீர்ப்பு எதுவும் இல்லாமல் ஒரு கும்பல் கூடி ஒருவரைச் சித்திரவதை செய்து கொல்வது. பெரும்பாலும் மரத்தில் தொங்கவிடுவார்கள். பல இடங்களில் இது ஊரறிய, பட்டப்பகலில், குழந்தைகளைக்கூட அழைத்து வந்து பார்க்க வைத்த நிகழ்ச்சி. புகைப்படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்றிருக்கிறார்கள். 1877க்கும் 1950க்கும் இடையே இப்படிக் கொல்லப்பட்ட கறுப்பர்கள் 4,400 பேருக்கும் மேல் என்று அலபாமாவில் உள்ள ‘ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பு பதிவு செய்திருக்கிறது.

கலையாக்க முடியுமா என்பது அந்தக் கலைஞர்களையே வாட்டிய கேள்வி. கொலையை அப்படியே காட்டினால், அஞ்சலட்டை விற்றவன் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம்? சிற்பி மேட்டா ஃபுல்லர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். 1918 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் மேரி டர்னர் என்ற நிறைமாதக் கர்ப்பிணியைக் கும்பல் கொன்றது. தன் கணவரைக் கொன்றவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் காரணம். அடுத்த வருடம் ஃபுல்லர் செய்த சிறிய பிளாஸ்டர் சிற்பத்தில் கயிறு இல்லை, ரத்தம் இல்லை. ஒரு தாய் குழந்தையை மார்போடு அணைத்துக் கீழே குனிந்து பார்க்கிறாள். காலடியில் தீ நாக்குகளோடு கலந்து முகங்களும் கைகளும் மேலே எழும்பி வருகின்றன. அவ்வளவுதான். பிறக்காமல் போன குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டார் சிற்பி.

நியூயார்க்கில் 1935இல் லிஞ்சிங் எதிர்ப்புக் கண்காட்சி ஒன்றை கறுப்பர் உரிமை அமைப்பான என்ஏஏசிபி நடத்தியது. இடம் தருவதாகச் சொன்ன முதல் காலரி பின்வாங்க, வேறொரு காலரியில் நடந்தது. லிஞ்சிங்கைத் தடுக்கும் சட்ட மசோதாவுக்கு ஆதரவு திரட்டுவது நோக்கம். மசோதா செனட்டில் மடிந்தது. அதன் பிறகு, எங்காவது லிஞ்சிங் நடந்த செய்தி வந்தால், ‘நேற்று ஒரு மனிதன் லிஞ்ச் செய்யப்பட்டான்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதிய கறுப்புக் கொடியை ஐந்தாம் அவென்யூ அலுவலக ஜன்னலில் அந்த அமைப்பு பறக்கவிட்டது. 1938இல் கட்டட உரிமையாளர் மிரட்டிய பிறகு கொடி இறங்கியது. 2015இல் டிரெட் ஸ்காட் என்ற கலைஞர் அதே கொடியை மறுபடி தைத்து, ‘போலீஸால்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார்.

பில்லி ஹாலிடேயின் பாட்டு கேட்டிருக்கிறேன். அதை எழுதியது வெள்ளையராமே?

ஆமாம். ஏபெல் மீரோபோல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியர், யூதர். லிஞ்சிங் புகைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு மனம் கலங்கி எழுதிய கவிதை, மெட்டமைத்ததும் அவரே. ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற அந்தப் பாட்டு மரத்தில் தொங்கும் உடலைப் பழமாகச் சொல்கிறது.

ஆனால் பாட்டு ஹாலிடேயுடையது. 1939இல், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார முடிந்த ‘கஃபே சொசைட்டி’ என்ற விடுதியில், இரவின் கடைசிப் பாட்டாக அதைப் பாடுவார். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். எல்லா விளக்கும் அணைந்து, அவர் முகத்தில் மட்டும் ஓர் ஒளி விழும். பாட்டு முடிந்ததும் அதுவும் அணையும். மறுபடி விளக்கு வரும்போது மேடையில் ஆள் இருக்கமாட்டார். கைதட்டலுக்குத் தலைவணங்க அவர் திரும்பி வருவதும் இல்லை. அவருடைய வழக்கமான இசைத்தட்டு நிறுவனம் பதிவுசெய்ய மறுத்துவிட்டது. ‘கமடோர்’ என்ற சின்ன நிறுவனம்தான் துணிந்தது. இந்தப் பாட்டு தன் அப்பாவின் சாவை நினைவுபடுத்துகிறது என்று ஹாலிடே சொல்லியிருக்கிறார். டெக்சாஸில் நிமோனியாவோடு அலைந்த அப்பாவுக்கு நிறத்தின் காரணமாகச் சிகிச்சை மறுக்கப்பட்டது என்பது அவர் சொன்னது.

ஒரே ஒரு ஓவியரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

ஜேக்கப் லாரன்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்து லட்சக்கணக்கான கறுப்பர்கள் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு, ரயிலேறி, சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று வடக்கே போனார்கள். லாரன்ஸின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான். அவர் நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் வளர்ந்தார். 135ஆம் தெரு நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்து, 1940–41இல் அந்த இடப்பெயர்வை 60 சிறிய ஓவியங்களாக வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓரிரு வாக்கிய விளக்கம். அப்போது அவருக்கு 23 வயது.

வேலை செய்த விதம்தான் என்னை அசர வைக்கிறது. 60 அட்டைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு வண்ணத்தை எடுத்தால் அந்த வண்ணம் வர வேண்டிய எல்லா அட்டைகளிலும் அதைப் பூசி முடிப்பார். அப்புறம்தான் அடுத்த வண்ணம். அதனால் முதல் படத்தின் மஞ்சளும் ஐம்பதாவது படத்தின் மஞ்சளும் ஒரே மஞ்சள். கலைஞரான க்வெண்டலின் நைட் அட்டைகளுக்குப் பூச்சுக் கொடுக்கவும் விளக்கங்களை எழுதவும் கூடவே உழைத்தார். 1941இல்தான் இருவரும் மணந்துகொண்டார்கள்.

அநீதியை அவர் காட்டும் விதத்தில் கூச்சலே கிடையாது. லிஞ்சிங் பற்றிய 15ஆவது படத்தில் ஒரு கிளை, அதில் வெறும் சுருக்குக் கயிறு, கீழே பாறையில் முகம் காட்டாமல் குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். உடல் இல்லை. 49ஆவது படம் வடக்கே நடப்பது: ஓர் உணவகம், நடுவே வளைந்து நெளிந்து போகும் மஞ்சள் கயிறு, ஒரு பக்கம் வெள்ளையர், மறு பக்கம் கறுப்பர். தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு முன்னால் இங்கேயும் ஒரு கயிறு!

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் அருங்காட்சியகமும் இந்தத் தொடருக்குப் போட்டி போட்டு, கடைசியில் பங்கிட்டுக்கொண்டன. இரட்டைப்படை எண்கள் நியூயார்க்கில், ஒற்றைப்படை வாஷிங்டனில்.

புகைப்படக் கலைஞர்கள்?

கார்டன் பார்க்ஸ். அடகுக் கடையில் வாங்கிய கேமராவில் தொடங்கியவர். 1942இல் அரசுத் துறை ஒன்றில் புகைப்பட வேலைக்காக வாஷிங்டன் வந்தார். வந்த அன்றே துணிக்கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் திருப்பி அனுப்பப்பட்டார். கோபத்தோடு வந்தவரிடம் மேலதிகாரி, ‘இங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் போய்ப் பேசு’ என்றார். அந்த அம்மாவின் பெயர் எல்லா வாட்சன். அவருடைய தந்தையை லிஞ்சிங் கும்பல் கொன்றிருந்தது. பார்க்ஸ் அவரை அமெரிக்கக் கொடியின் முன்னால், ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் தரை துடைக்கும் மாப்புமாக நிற்க வைத்து எடுத்தார். படத்தைப் பார்த்த மேலதிகாரி, இது வெளியே போனால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று பயந்தாராம்.

1956இல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக அலபாமாவில் அவர் எடுத்த வண்ணப் படங்களையும் தேடிப் பாருங்கள். அழகாக உடுத்திய ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் கடை வாசலில் நிற்கிறார்கள். தலைக்கு மேலே ‘கறுப்பர் நுழைவாயில்’ என்று சிவப்பு நியான் விளக்கு. அந்த உடையின் நேர்த்தியும் அந்தப் பலகையும் ஒரே சட்டகத்தில் இருப்பது நெஞ்சை அறுக்கிறது.

கலைஞர்களே அநீதியை அனுபவித்தார்களா, அல்லது பிறருக்காகப் பேசினார்களா?

இரண்டையும் பிரிக்கவே முடியாது. அகஸ்டா சாவேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் செங்கல் மண்ணில் பொம்மை செய்து வளர்ந்தவர். சிலை செய்வது பாவம் என்று பாதிரியாரான அப்பா அடிப்பார். 1923இல் பிரான்ஸில் ஒரு கோடைக்காலக் கலைப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் கறுப்பர் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தேர்வுக் குழு இடத்தைப் பறித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சாவேஜ் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதி ஊரறியச் செய்தார். பின்னர் ஹார்லெமில் அவர் பட்டறைக் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜேக்கப் லாரன்ஸுக்குக் கை கொடுத்தவரும் அவர்தான்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 16 அடி உயரத்தில் ஒரு யாழைச் செய்தார். பாடும் கறுப்பினக் குழந்தைகளே அதன் நரம்புகள். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லாததால் பிளாஸ்டரில்தான் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நினைவுப் பொருளாக விற்ற சின்னஞ்சிறு பிரதிகளும் புகைப்படங்களும்தான் மிச்சம்.

எலிசபெத் காட்லெட்டின் கதை இன்னும் நீளம். பிட்ஸ்பர்க்கில் ஒரு கலைக் கல்லூரி நிறத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, அயோவாவில் முதுகலை முடித்தார். அங்கே வகுப்பில் இடம் உண்டு, விடுதியில் இடமில்லை. பிறகு நியூ ஆர்லியன்ஸில் ஆசிரியரானார். நகரின் அருங்காட்சியகத்துக்கு பிக்காசோ ஓவியங்கள் வந்திருந்தன. அருங்காட்சியகம் இருப்பது ஒரு பூங்காவுக்குள். பூங்காவுக்குள் கறுப்பர் நடக்கக் கூடாது. காட்லெட் என்ன செய்தார் தெரியுமா? அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான நாளில் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி, பூங்காவில் ஒரு காலடிகூட வைக்காதபடி நேரே வாசற்படியில் கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுதான் வாழ்நாளின் முதல் அருங்காட்சியகம்.

1946இல் மெக்சிகோ போய், மக்களுக்கான அச்சுப்பட்டறை ஒன்றில் சேர்ந்தார். லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டால் ஒரு படத்திலிருந்து நூறு படம் எடுக்கலாம், மலிவாகக் கொடுக்கலாம். அங்கே செய்த 15 அச்சுப்படங்களின் தொடரில் வீட்டு வேலைக்காரி, வயலில் உழைப்பவள், அடிமைகளைத் தப்பிக்கவைத்த ஹாரியட் டப்மன் எல்லோரும் வருகிறார்கள். தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரு பெண் ‘நான்’ என்று தன் கதையைச் சொல்வது போலிருக்கும். 1952இல் செதுக்கிய குத்தகை விவசாயப் பெண்ணின் படம் இவற்றில் எல்லாம் பிரபலம்: அகலமான வைக்கோல் தொப்பி, நரம்போடிய கழுத்து, மேல்சட்டையைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு ஊக்கு. ராணியைப் போல் நிமிர்ந்திருப்பவளின் சட்டைக்குப் பொத்தான் இல்லை.

அவருடைய இடதுசாரித் தொடர்புகளால் அமெரிக்க அரசு எரிச்சலடைந்தது. 1962இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், ‘விரும்பத்தகாத அந்நியர்’ என்று அறிவித்துப் பிறந்த நாட்டுக்குள்ளேயே வரவிடவில்லை. 1971இல் ஹார்லெமில் தன் கண்காட்சிக்கு வரவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நீனா சிமோன் ஏன் திடீரென்று கோபப் பாட்டு பாடத் தொடங்கினார்?

திடீரென்று என்று சொல்ல மாட்டேன். வட கரோலினாவில் சிறுமியாக இருந்தபோது நடந்த பியானோ கச்சேரியில், முன் வரிசையில் உட்கார்ந்த பெற்றோரைப் பின்னால் போகச் சொன்னார்கள். அவர்களை மறுபடி முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றுவிட்டார் அந்தச் சிறுமி. செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்பதே அவர் கனவு. 1951இல் ஃபிலடெல்ஃபியாவின் இசைப் பள்ளி ஒன்று அவரைச் சேர்க்கவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அதே பள்ளி 2003இல் அவருக்குக் கௌரவப் பட்டம் அறிவித்தது. இரண்டே நாளில் அவர் இறந்துபோனார்.

1963 ஜூனில் மிசிசிப்பியில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. செய்தி கேட்ட சிமோன் வீட்டில் கிடந்த சாமான்களை வைத்துத் துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். ‘உனக்குக் கொலை செய்யத் தெரியாது, உனக்குத் தெரிந்தது பாட்டு’ என்றார் கணவர். ஒரு மணி நேரத்துக்குள் ‘மிசிசிப்பி காட்டேம்’ பிறந்தது. மெட்டு துள்ளலான மேடை நாடகப் பாட்டு மாதிரி இருக்கும்; வரிகளில் பொறுமை முழுக்கத் தீர்ந்துபோன ஒருவரின் குரல். தென் மாநில வானொலி நிலையங்கள் சில, இசைத்தட்டை இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பின.

அதே குண்டுவெடிப்புக்கு சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதே ஆண்டு நவம்பரில் தந்த பதிலில் ஒரு சொல்கூட இல்லை. ‘அலபாமா’ என்ற தலைப்பும் ஒப்பாரி போல இழையும் இசையும் மட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எல்லோரும் போராட்ட ஓவியம்தான் வரைய வேண்டுமா? அடையாளம் தெரியும் உருவங்கள் இல்லாத அரூப ஓவியம் வரைந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

இதே சண்டை அவர்களுக்குள்ளும் நடந்தது. 1963 ஜூலையில், சம உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, ரோமர் பியர்டன், நார்மன் லூயிஸ், ஹேல் வுட்ரஃப் முதலியோர் நியூயார்க்கில் கூடி ‘ஸ்பைரல்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். கறுப்பினக் கலைஞனுக்கென்று தனிக் கடமை உண்டா, தனிப் பாணி உண்டா என்று இரவெல்லாம் வாதம். முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய ஒட்டுப்படம் செய்வோம் என்று பியர்டன் பத்திரிகைத் துண்டுகளோடு வந்தார், மற்றவர்களுக்கு ஆர்வமில்லை. அவர் தனியாகவே ஒட்டத் தொடங்கினார். அவருடைய பெயரை நிலைநாட்டியது அந்த ஒட்டுப்படங்கள்தான். ஆளில்லாத யோசனையிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

நார்மன் லூயிஸ் தெருவில் இறங்கி மறியல் செய்வார், கித்தானில் கோஷம் எழுத மாட்டார். ஆனால் 1960இல் அவர் வரைந்த ஓர் அரூப ஓவியத்தைப் பாருங்கள்: கறுப்புப் பரப்பில் நெடுக்காக எழும் வெள்ளைத் தீற்றல்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் கூம்பு முகமூடி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அருங்காட்சியகங்கள் இவர்களை எப்படி நடத்தின?

மோசமாக. 1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. புகைப்படங்கள் நிறைய. ஹார்லெம் ஓவியர், சிற்பி ஒருவரின் படைப்புகூட இல்லை! ஓவியர்களே வாசலில் பதாகையோடு நின்றார்கள். அதே அருங்காட்சியகம் ஹார்லெம் ஓவியர்களைக் கொண்டாடிப் பெரிய கண்காட்சி வைத்தது 2024இல். இடையில் 55 வருடம்.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே இடம் தேடினார்கள். 1967 கோடையில் சிகாகோவின் தென்பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் மூலையில், ஒரு பழைய கட்டடச் சுவரில் கறுப்பின நாயகர்களை வரைந்து ‘மரியாதைச் சுவர்’ என்று பெயரிட்டார்கள். 1971இல் தீப்பிடித்து, பிறகு கட்டடமே போய்விட்டது. அதற்குள் மற்ற நகரங்களிலும் சுவர்கள் பேசத் தொடங்கிவிட்டன.

எமரி டக்ளஸ் கண்டுபிடித்த சுவர் எது என்றால், செய்தித்தாள். சிறுவர் சீர்திருத்த நிலையத்தின் அச்சகத்தில் தொழில் கற்றவர். 1967 முதல், கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் வாரப் பத்திரிகையை வடிவமைத்தார். கெட்டியான கறுப்புக் கோடு, அதோடு இன்னொரு வண்ணம். அதற்கு மேல் வண்ணத்துக்குப் பணம் இல்லை. உச்சத்தில் வாரம் லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. கடைசிப் பக்கப் படத்தை மக்கள் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். வாடகை வீட்டில் எலித் தொல்லை, பசித்த குழந்தை, பையில் மளிகையோடு நிமிர்ந்து நிற்கும் பாட்டி என்று அவர் வரைந்தவர்களே அந்தப் படத்தை ஒட்டி வைத்தவர்களும்.

போர்வை, டப்பா, பொம்மை இதெல்லாம்கூடக் கலையா?

கேட்பவர்கள் பாதிக் கிண்டலாகத்தான் கேட்கிறார்கள். நான் முழு மனதோடு பதில் சொல்கிறேன்.

ஃபெயித் ரிங்கோல்ட் 1967இல் 12 அடி அகலத்தில் ஒரு தெருக் கலவரத்தை வரைந்தார். டெட்ராய்ட், நுவார்க் நகரங்கள் எரிந்த வருடம் அது. நல்ல உடை போட்ட வெள்ளையரும் கறுப்பரும் ரத்தத்தில் புரள, நடுவில் ஒரு வெள்ளைச் சிறுவனும் ஒரு கறுப்புச் சிறுமியும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குந்தியிருக்கிறார்கள். நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது 2016இல்தான். 2019இல் பிக்காசோவின் பக்கத்தில் மாட்டியது.

அவ்வளவு பெரிய கித்தானைத் தூக்கி அலைவது எவ்வளவு பாடு என்று ரிங்கோல்டுக்குத் தெரியும். துணியில் வரைந்தால் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அவருடைய கொள்ளுப்பாட்டியின் தாய் அடிமையாக இருந்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்தவர். அம்மா உடை வடிவமைப்பாளர். 1980இல் அம்மாவும் மகளும் சேர்ந்து முதல் போர்வையைத் தைத்தார்கள். தன் வாழ்க்கைக் கதையைப் பதிப்பிக்க யாரும் முன்வராதபோது, போர்வையிலேயே கதைகளை எழுதத் தொடங்கினார். போர்வை சுவரில் தொங்கினால், வருகிறவர்கள் படித்துத்தானே ஆக வேண்டும்!

பெட்டி சார் பழைய சாமான் சந்தைகளில் சுற்றுபவர். கறுப்பினப் பெண்ணைப் பருத்த, சிரித்த வேலைக்காரியாகக் காட்டும் பொம்மைகள் அங்கே குவிந்து கிடக்கும். ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பேன்கேக் மாவுப் பொட்டலத்தின் முகமும் அதுவே. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட கோபம் அவருக்குள் கனன்றுகொண்டிருந்தது. 1972இல் ஒரு பொம்மையை எடுத்து, ஓர் அடி உயரம்கூட இல்லாத பெட்டிக்குள் நிறுத்தி, ஒரு கையில் துடைப்பம், மறு கையில் துப்பாக்கி கொடுத்தார். பின்னால் அதே மாவுப் பொட்டல முகம் வரிசை வரிசையாக. 2020இல் அந்த நிறுவனம் அந்தப் பெயரையும் முகத்தையும் கைவிடுவதாக அறிவித்தபோது, சாரின் பெட்டிக்கு வயது 48.

இவர்களுக்குள் சண்டையே இல்லையா?

உண்டு. காரா வாக்கர் 1990களில் கறுப்புத் தாளை வெட்டி, அடிமைக்காலக் கொடுமைகளை நிழலுருவங்களாகச் சுவர் முழுக்க ஒட்டினார். பாலியல் வன்முறை, கேலிச்சித்திர முகங்கள் எல்லாம் அப்படியே வரும். பெட்டி சாருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளையர் ரசிக்கும்படி நம்மை இழிவு செய்கிறாள் என்று 1997இல் கலை உலகத்தினருக்குக் கடிதங்கள் அனுப்பினார். நான் இருவரையும் மதிக்கிறேன். சாரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாக்கர் பக்கம்தான் சாய்கிறேன். 2014இல் புரூக்ளினின் மூடப்பட்ட சர்க்கரை ஆலையில் சுமார் 35 அடி உயரத்துக்கு வெள்ளைச் சர்க்கரை பூசிய கறுப்பினப் பெண் உருவத்தை அவர் படுக்க வைத்தார். சர்க்கரைப் பாகில் செய்த சிறுவர்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். வெயில் ஏற ஏற அவர்கள் உருகி விழுந்தார்கள். கரும்புத் தோட்ட அடிமைகளைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

போலீஸ் வன்முறைக்கு எதிரான கலை 2020இல்தான் தொடங்கியதா?

இல்லை. 1983 செப்டம்பரில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் கிறுக்கினார் என்று பிடிக்கப்பட்ட 25 வயது மைக்கேல் ஸ்டூவர்ட், போலீஸ் பிடியில் நினைவிழந்து, 13 நாள் கழித்து இறந்தார். சுவரில் எழுதியே பெயர் வாங்கிய பாஸ்கியா, ‘நானாக இருந்திருக்கலாம்’ என்று புலம்பியபடி, நண்பர் கீத் ஹேரிங்கின் பட்டறைச் சுவரிலேயே அதை வரைந்தார். தடியோங்கும் இரண்டு காவலர்கள், நடுவில் முகமில்லாத ஒரு கறுப்பு உருவம். ஹேரிங் சுவரிலிருந்து அதை வெட்டியெடுத்துத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

2020இல் லூயிவில் நகரில், நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்த போலீஸார் சுட்டு பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண் இறந்தார். ஏமி ஷெரால்ட் அவரை நீலப்பச்சை உடையில், விரலில் ஒரு மோதிரத்தோடு வரைந்தார். காதலர் அந்த மோதிரத்தைக் கொடுக்கும் முன்பே அவர் போய்விட்டார். ஓவியத்தில் விரலில் இருக்கிறது.

இதனால் ஏதாவது மாறியதா?

லிஞ்சிங்கைத் தனிக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது. ஹாலிடே பாடி 83 வருடம். ஆகவே பாட்டு சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொன்றவர்கள் அஞ்சலட்டை அச்சடித்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஃபுல்லரும் லாரன்ஸும் காட்லெட்டும் இல்லையென்றால் நமக்குக் கிடைத்திருப்பது அந்தக் கதை மட்டும்தான்.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பிளாக் பேந்தர் கட்சியின் பெயரைப் பார்த்து 1972இல் பம்பாயில் இளம் எழுத்தாளர்கள் தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அந்த இயக்கமாகத் தொடங்கியதே பின்னாளில் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவோடு ராப்பையும் சேர்த்தது. சாதியும் நிறமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் இரண்டுமே சரியாகப் புரியாமல் போகும். ஆனாலும் பூங்காவில் காலடி வைக்கக் கூடாத அந்த மாணவர்களின் கதையைச் சொல்லும்போது, கூட்டத்தில் சிலர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் குறைவு. ஒரே ஒரு படைப்பை இன்றைக்குப் பார்க்கலாம் என்றால்?

டவூட் பே 2012இல் எடுத்த பர்மிங்ஹாம் படங்கள். தேவாலயக் குண்டில் இறந்த நான்கு சிறுமிகளோடு, அன்றே அந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு சிறுவர்களும் உண்டு. பே அதே ஊரில், அந்தப் பிள்ளைகளின் வயதிலுள்ள சிறுவர் சிறுமிகளைப் படமெடுத்தார். அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் என்ன வயதாகியிருக்குமோ, அந்த வயதிலுள்ள பெரியவர்களையும் எடுத்தார். இருவரையும் பக்கம் பக்கமாக வைத்தார். இடது பக்கம் 14 வயதுப் பெண், வலது பக்கம் 64 வயதுப் பெண்மணி. இருவரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.